தென்னந்தோப்புக் கல்யாண மேடைகளுக்கு ஒலிக் கட்டுப்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற பக்கம் எங்கள் தோட்டம். இதை எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன முகூர்த்தத்தில் ராத்திரி பன்னிரண்டரை மணிக்குத் தகரக் கூரை அதிர்ந்து, 78 வயதான என் அம்மா எழுந்து உட்கார்ந்தவர் விடியும் வரை படுக்கவே இல்லை. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, ஒரு தோப்பைச் சுத்தம் செய்து புல்தரை போட்டு, நாலு அறை கட்டி, திறந்தவெளி மேடையோடு கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தோப்பில் கல்யாணம் நடப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெள்ளை ஈயும் வேர்வாடல் நோயும் வந்த பிறகு தென்னையை மட்டும் நம்பிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும், தன் நிலத்தில் ஒருவர் வேறு வருமானம் பார்ப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் சிலருக்குச் சமையல் வேலையும் பந்தல் வேலையும் கிடைக்கிறது. காலையில் நாதஸ்வரம் காற்றில் வந்தால் நல்லாத்தான் இருக்கிறது. வரவேற்பு முடிந்த பிறகு ஆள் உயர பாஸ் பெட்டிகளை அடுக்கி ஆரம்பிக்கிறார்களே டிஜே, அதுதான் பிரச்சினை.

நூறுக்கு அடித்தால் போலீஸ் வருகிறது, சத்தம் குறைகிறது, வண்டி திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. காவலர்கள் மேல் கோபம் இல்லை. ஒரு முகூர்த்த ராத்திரியில் இரண்டு பேர் எத்தனை தோப்புக்குத்தான் போவார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, வழக்கமான நாட்களில் ஆடிட்டோரியம், சமுதாயக்கூடம், விருந்து மண்டபம் மாதிரி மூடிய இடங்களுக்கு மட்டும்தான் விலக்கு. நேரில் போய்க் கேட்டபோது "எங்களுடையதும் மண்டபம்தானுங்க, காம்பவுண்டுக்குள்ளதான வைக்கிறோம்" என்றார்கள். சுற்றுச்சுவர் கட்டிவிட்டால் மூடிய இடம் ஆகிவிடுமா? மேலே வானம்தானே இருக்கிறது! பெட்டிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் தென்னை மரங்களைத் தவிர ஒன்றுமே இல்லை.

அப்புறம் அந்த விதிகளைத் தேடிப் படித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒலி அளவைத் தொழிற்பகுதி, வணிகப் பகுதி, குடியிருப்பு, அமைதி மண்டலம் என்று நாலாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. விவசாய நிலம் என்று ஒரு வகையே அதில் கிடையாது. தோட்டத்துச் சாளைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்கிற எங்களை எதில் சேர்ப்பது? கலப்பான பகுதிகளை இந்த நாலில் ஒன்றாக அறிவிக்கலாம் என்று அதே அட்டவணையின் கீழே குறிப்பு இருக்கிறது. எங்கள் பகுதியைக் குடியிருப்பு என்று ஒரு உத்தரவில் எழுதிவிட்டால் போதும், தனியார் இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 5 டெசிபல்தான் கூடலாம் என்ற விதி சந்தேகமே இல்லாமல் பொருந்தும்.

தூரத்தில் இருக்கிறீர்களே, என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டியிலிருந்து 10 மீட்டரில் 95 இருந்தால் 320 மீட்டரில் இன்னும் 65 இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவும் டவுனில் பஸ், லாரிச் சத்தத்தில் கொஞ்சம் அமுங்கிப் போகும், இங்கே ராத்திரி பூச்சிச் சத்தம் மட்டும்தான். கூரையை அதிர வைக்கிற பாஸ் இருக்கிறதே, வழக்கமான அளவுமுறையில் அது இருப்பதைவிட ரொம்பக் குறைவாகத்தான் கணக்கில் வருகிறது, ஏனென்றால் அந்த அளவுமுறை மனிதக் காதுக்கு எது நன்றாகக் கேட்குமோ அதற்குத்தான் எடை கொடுக்கிறது. மீட்டரைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் எங்கள் ஜன்னல் கண்ணாடி நடுங்குவது இதனால்தான். காலை நாலரைக்கு எழுந்து மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டிய வீடுகள் இவை. அந்த மாதிரி ராத்திரிக்குப் பிறகு எங்கள் மாடுகள் மிரண்டு நிற்கின்றன, மடிக்குக் கையைக் கொண்டு போனாலே உதைக்கின்றன.

ஊர் நோம்பிக்கு மைக் கட்டுகிறீர்களே என்று தோப்புக்காரர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான். கட்டுகிறோம். வருடத்துக்கு ஒரு தடவை, ஊரே கூடி எடுக்கிற நோம்பிக்கு. திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை விலக்குக் கொடுக்க அரசுக்கே வருடத்தில் 15 நாள்தான் அதிகாரம் இருக்கிறது. கோயிலுக்கே அந்த வரம்பு இருக்கும்போது, வருகிற முகூர்த்தமெல்லாம் ராத்திரி ஒரு மணி வரை அடிப்பதை எந்தக் கணக்கில் வைப்பது?

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக அனுமதி வாங்குவதோடு விட்டுவிடுவதால்தான் இவ்வளவும் நடக்கிறது. இடத்துக்கே நிபந்தனை வேண்டும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி கொடுக்கும்போது கட்டடத்துக்கும் பார்க்கிங்குக்கும் அளவு பார்க்கிறார்களே, ஒலிக்கும் பார்க்கட்டும். திறந்தவெளியில் பாஸ் பெட்டி வைக்க அருகிலிருக்கும் வீட்டிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி, மேடை ஊரைப் பார்க்காமல், 10 மணிக்குப் பிறகு டிஜே வேண்டுமானால் நாலு பக்கமும் கூரையும் அடைத்த ஹாலுக்குள் மட்டும் என்று அனுமதித் தாளிலேயே எழுத வேண்டும். மீறினால் அனுமதி நிற்க வேண்டும். கல்யாண வீட்டாருக்கும் புக்கிங் செய்யும்போதே இது தெரிந்துவிடும், கடைசி நேரத்தில் போலீஸ் வந்து அவர்களும் சங்கடப்பட வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆனைமலை, உடுமலை பக்கம் இதே தொந்தரவு இருக்கிற ஊர்க்காரர்கள் தங்கள் சபையிலும் கொண்டு வந்தால் ஒன்றாகச் சேர்த்து ஆட்சியரிடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை வட்டாரம்.