மன்றத்தைப் பொறுப்பேற்ற மகளுக்கு

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

நீ ஆசிரியையாக இருக்கும் ஓசூர்ப் பள்ளியில் அறிவியல் மன்றத்தை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் பேசினால் பாதியில் உனக்கு மணி அடித்துவிடும், அதனால் எழுதுகிறேன். இந்த ஆண்டே பரிசு வாங்கியாக வேண்டும் என்று நெருக்குகிறார்களாமே. கலங்காதே தாயி. பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது ஒரு கேள்வி. அது அவர்களுடைய கேள்வியாக இருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் குளத்து நீர்மட்டம் பார்க்கும் கருவி ஒன்று செய்தார்கள். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்ததால் முழுக் கதையும் உனக்குத் தெரியாது. பிசான நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்காரர் ராத்திரியில் டார்ச்சுடன் கரையில் நடப்பதைப் பார்த்த ஒரு பையன், "அவர் வீட்டிலிருந்தே மட்டம் தெரிந்தால் என்ன சார்?" என்றான். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையையும் அல்ட்ராசோனிக் சென்சாரையும் இணைத்து மடைக்கு மேலே கட்டினார்கள். சென்சார் அனுப்பும் ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும். அந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும்.

மாசி வெயிலில் வேடிக்கை தொடங்கியது. விடியலில் சரியாக இருந்த அளவு, நண்பகலில் தண்ணீர் மூன்று சென்டிமீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டியது. மழை கிடையாது, கால்வாயும் அடைத்திருந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று வேறொன்றை மாட்டினார்கள். அதுவும் அதையே சொன்னது. கடைசியில் ஒரு பெண்தான் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காற்றின் வெப்பம் கூடினால் ஒலியின் வேகமும் கூடும். 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர், 35 டிகிரியில் சுமார் 352. அவர்கள் எழுதிய நிரலில் வேகம் ஒரே எண்ணாக இருந்தது. வெயிலில் ஒலி சீக்கிரம் திரும்பிவிட, கருவி தூரத்தைக் குறைத்துக் கணக்கிட்டது. இரண்டு மீட்டர் தூரத்துக்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பிழை வரும் என்று போட்டுப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. வெப்பநிலை சென்சார் ஒன்றைச் சேர்த்ததும் தொல்லை ஒழிந்தது.

அதே பாடத்தைக் கரும்பலகையில் படித்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ஏராளம். மடையில் நின்று கண்டுபிடித்தவர்களின் முகத்தில் அன்றைக்கு நான் கண்ட மகிழ்ச்சியை கரும்பலகையில் படித்தவர்களின் விடைத்தாளைத் திருத்தும்போது கண்டதில்லை.

போட்டிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எதிரே நின்று "ஏன்?" என்று கேட்பது பிள்ளைகளுக்கு மிகவும் நல்லது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் போகலாம். சொந்த ஊர்ச் சிக்கலை ஆராய்ந்து வரச் சொல்கிற போட்டி அது. எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வானால் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் கடையில் காசு கொடுத்து மாதிரி செய்து வாங்கி வருகிற பெற்றோரை நீயும் பார்ப்பாய். ஒரு கண்காட்சியில் பளபளப்பான ரோபோவுடன் வந்த பையனிடம் நடுவர், இந்த மின்தடையம் (ரெசிஸ்டர்) எதற்கு என்று கேட்டார். அவன் தலை குனிந்து நின்றது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. அந்தப் பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கியது பெரியவர்கள்தான்.

உங்கள் பள்ளியில், பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கும் அடல் ஆய்வகம் இருக்கிறது என்றாயே. சாவியை வாங்கிக்கொள். பொருள்கள் உடையட்டும், தொலையட்டும், பதிவேட்டில் எழுதி வைத்தால் போதும். இன்னொன்று: கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கோல் எப்போதும் பையன்கள் கைக்கும், சார்ட் எழுதும் வேலை பெண்கள் கைக்கும் தானாகப் போய்விடும். வாரந்தோறும் மாற்றிக் கொடு. இதில் விட்டுக்கொடுக்காதே.

ஓசூர் பக்கம் கேள்விக்கா பஞ்சம்? ரோஜாத் தோட்டங்கள் இருக்கின்றன. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துக்கொண்டு வருகிறது. ஆனால் நீயாக எதையும் எடுத்துக் கொடுக்காதே, அவர்களே கேட்கும்வரை பொறுத்திரு.

அடுத்த மாதம் நாங்கள் வரும்போது மன்றம் கூடும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன், அது எந்த நாள் என்று எழுது. குளத்துக் கருவியின் பழைய நிரலை அந்தப் பையனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். வேகத்தை ஒரே எண்ணாகப் போட்ட முதல் நிரல்தான் அது. திருத்தியது என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா