பறக்கும் கத்திகளும் பாதியில் விட்ட போரும்

அன்புள்ள முருகேசா,

உன் மெயில் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் பெயிண்ட் வேலை நடந்ததால் கம்ப்யூட்டரைப் போர்வை போட்டு மூடி மூலையில் தள்ளி வைத்திருந்தோம். பெண் ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டாள், சாப்பாடு சரியில்லை என்று தினமும் போனில் புலம்பல். மற்றபடி எல்லோரும் சௌக்கியம். முட்டிவலிக்கு பிசியோதெரபி போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை நடுவில் நிறுத்திவிடாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்’ என்ற சீனப் படத்தைப் பார்த்துவிட்டு “கலர் கலராக இருக்கிறது, கதைதான் இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். கதை இருக்கிறது, அதுவும் நல்ல கதை. இயக்குநர் ஜாங் யிமோ அதைப் பாதிவழியில் இறக்கிவிட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறார், எனக்குக் கோபம் அங்கேதான்.

அந்த முரசுக் காட்சியையே எடுத்துக்கொள். சுற்றிலும் முரசுகள், நடுவில் கண் தெரியாத நடனக்காரியாக ஜாங் ஸீயீ. அதிகாரி லியோ, அதாவது நம் ஆண்டி லாவ், கிண்ணத்திலிருந்து ஒரு பயறை எடுத்து ஒரு முரசின் மேல் சுண்டுகிறான். சத்தம் எங்கிருந்து வந்ததோ அதே முரசை அவள் நீளக் கைத்துணியை வீசி அடிக்கிறாள். அப்புறம் பயறு ஒன்றன்பின் ஒன்றாகப் பல முரசுகளில் தெறிக்கிறது, அவளும் அதே வரிசையில் அடிக்கிறாள், கடைசியில் அவன் கிண்ணத்தையே மொத்தமாக வீசுகிறான். பயறு முரசில் பட்டு எழும்புவதைக் காதுக்குப் பக்கத்தில் கேட்பது போல ஒலியைச் சேர்த்திருக்கிறார்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒருமுறை கேள். முதல் தடவை பார்க்கும்போது அது வெறும் சோதனை, அழகான வித்தை. ஆனால் பின்னால் தெரிகிறது, அவளுக்குக் கண் தெரியும், லியோ அரசாங்கத்துக்குள் மறைந்திருக்கும் கத்திக் கூட்டத்து ஆள் (அரசை எதிர்க்கும் ரகசியக் கூட்டம், படத்தின் பெயரே அதுதான்), இருவரும் காதலர்கள், மூன்று வருடமாகப் பிரிந்திருந்தவர்கள். அப்படியானால் ஊரே பார்க்க, ஒருவரை ஒருவர் தெரியாதது போல நடித்துக்கொண்டு நடக்கும் சந்திப்பல்லவா அது? அவன் பயறை எறிவதும் அவள் துணியை வீசுவதும் அவர்கள் பேசிக்கொள்ள முடிந்த ஒரே விதம். ஒரு திருப்பம் பழைய காட்சியை இப்படி மேலும் பெரிதாக்கினால் நான் அதை மனதார ஏற்றுக்கொள்வேன்.

லியோவின் சக அதிகாரி ஜின், அவளைக் காப்பாற்றுபவன் போல நடித்துக் கூட்டத்தைத் தேடி அவளோடு போகிறவன், குதிரையில் போய்க் காட்டுப் பூக்களைப் பறித்து வந்து தருவானே, அதுவும் அப்படித்தான். இவளால் பார்க்க முடியாதே என்று கொண்டுவருகிறான், இவளோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கையை நீட்டுகிறாள். அவனும் நடிப்பு, இவளும் நடிப்பு, நடுவில் ஏதோ ஒன்று மட்டும் நிஜமாகிவிடுகிறது. இதைப் போய்க் கதை இல்லை என்கிறாயே!

இனி நீ சொன்னதில் நியாயமான பாதி. திருப்பம் ஒன்றோடு நிற்கவில்லை. அவள் குருடி இல்லை, நம்ப வைத்தது போல அவள் கூட்டத்தின் பழைய தலைவரின் மகளும் இல்லை, லியோ அரசாங்க ஆள் இல்லை, தலைவியாக வந்து நிற்பவளும் நிஜத் தலைவி இல்லை. கொஞ்ச நேரத்துக்குள் இத்தனையையும் கொட்டிவிட்டால், அடுத்து யார் என்ன சொன்னாலும் “இதுவும் பொய்தானே” என்று மனசு சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. ஜின் பிரிந்துபோன பிறகு மூங்கில் காட்டில் அவள் தனியாக மாட்டிக்கொள்கிறாளே, அப்போதும் கண் தெரியாதவளாகவே சண்டை போடுகிறாள். உயிர் போகிற நேரத்தில் யாருக்காக இந்த நடிப்பு? நமக்காக. அங்கே இயக்குநர் மாட்டிக்கொண்டார். இத்தனைக்கும் சண்டையாகப் பார்த்தால் படத்தின் உச்சம் அதுதான், சண்டை அமைத்த சிங் சியூ துங் மூங்கிலின் உச்சியிலேயே வீரர்களை ஓடவிட்டு, கூரான கழிகளை மேலிருந்து எறிய வைத்து, கடைசியில் மூங்கிலாலேயே கூண்டு கட்டிவிடுகிறார்.

அதைவிடப் பெரிய குறை போர். படம் தொடங்கும்போதே 859ஆம் ஆண்டு, தாங் வம்சம் ஆட்டம் கண்டுவிட்டது, அரசை எதிர்க்கும் ரகசியக் கூட்டம், பத்து நாளில் தலைவரைப் பிடிக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லி நம்மை உட்கார வைக்கிறார்கள். கடைசியில் அரசுப் படை மூங்கில் காட்டுக்குள் நகர்கிறது, கத்திக் கூட்டம் பொறி வைத்துக் காத்திருக்கிறது. அவ்வளவுதான். யார் ஜெயித்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள், ஒரு ஷாட் கூட இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் பேசிக்கொள்ளட்டும் என்று பந்தியையே மறந்துவிட்ட மாதிரி.

இதில் ஒரு சோகம் உண்டு. கூட்டத்தின் தலைவியாக நடிக்கவேண்டியவர் ஹாங்காங்கின் அனிதா முய். தன் காட்சிகளில் நடிப்பதற்கு முன்பே 2003 டிசம்பர் கடைசியில் புற்றுநோயில் இறந்துவிட்டார். வேறு யாரையும் போடாமல் திரைக்கதையை மாற்றி, படத்தை அவருக்கே சமர்ப்பித்தார் ஜாங் யிமோ. அது பெரிய மனசு, மறுக்கவில்லை. தலைவியின் முகத்தைக் கடைசிவரை காட்டாதது அதனால்தான் என்றால் புரிகிறது. ஆனால் போரைக் காட்டாததற்கு இது எப்படிச் சாக்காகும் என்று எனக்குப் புரியவில்லை.

லியோவும் ஜின்னும் மோதும் கடைசிச் சண்டையில் இலையுதிர் காலம் திடீரென்று பனிக்காலமாகிவிடுகிறதே என்று சிரித்திருந்தாய். உக்ரைனில் படப்பிடிப்பு நடந்தபோது எதிர்பாராமல் சீக்கிரமே பனி கொட்டிவிட்டது, அதையே வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது உறுத்தவே இல்லை. உறுத்தியது, லியோ எறிந்த கத்தி மார்பில் பாய்ந்து செத்துக் கிடந்த அந்த நடனக்காரி மறுபடி எழுந்து நிற்பதுதான். அப்படி எழுந்தும், முடிவில் லியோ ஜின்னைக் குறிவைத்துக் கையை வீச, அவள் தன் மார்புக் கத்தியைப் பிடுங்கித் தடுக்க எறிகிறாள். எதிரே பறந்து வந்தது ஒரு துளி ரத்தம் மட்டும். லியோ கத்தியை விடவே இல்லை. மூன்று வருடம் காத்திருந்தவனை மூன்று நாள் பழகியவனுக்காக விட்டுவிட்டாளே என்ற ஆத்திரம் எல்லாம் அந்தக் கையில் நின்றுவிடுகிறது. ஆண்டி லாவுக்காக மட்டுமே அந்த இடத்தை நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

இதே இயக்குநரின் ‘ஹீரோ’ உனக்குப் பிடித்திருந்ததற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே ஒருவன் ராஜாவுக்கு முன்னால் உட்கார்ந்து பொய்க்கதை சொல்கிறான், ராஜா அதை மறுத்து வேறு கதை சொல்கிறார். பொய் என்று முதலிலேயே தெரிந்து விளையாடுகிறோம். இங்கே நம்ப வைத்துவிட்டு அப்புறம் காலை வாரிவிடுகிறார்கள்.

2018இல் அவர் எடுத்த ‘ஷேடோ’ பார்த்தாயா? கலர் பிரச்சினையே இல்லை உனக்கு, படம் முழுக்கச் சாம்பலும் கறுப்பும் மழையும்தான். தளபதிக்குப் பதிலாக அவனைப் போலவே இருக்கும் ஒருவன் நடமாடுகிறான், அதுதான் கதை, அதை விட்டு எங்கேயும் ஓடுவதில்லை. கத்தி வைத்த குடையால் சண்டை போடுகிறார்கள், உனக்குப் பிடிக்கும். பார்த்துவிட்டு எழுது, இந்தத் தடவை ஒரே வரியில் முடிக்காதே.

அன்புடன்,
ராஜு