தகரக் கூரையும் மாசாய்ப் பிள்ளைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யாவின் தெற்கிலும் தான்சானியாவின் வடக்கிலும் மாடே உயிராக வாழும் மாசாய் மக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், நினைவுக்கு வரும். மழை பொய்த்தால் மாசாய் ஊர்களில் மேய்ச்சல் தேடிக் குடும்பமே நகர்ந்துவிடும், பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றுபோகும். பள்ளியோடு ஒரு விடுதியும் இருந்தால் மாடு போனாலும் பிள்ளை தங்கிப் படிக்கும். 2003-ல் கென்யா தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. பிள்ளைகள் குவிந்தார்கள், உட்கார இடமில்லை.

இடமில்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். சத்தியமங்கலம் மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தகரக் கூரை. ஐப்பசி மழை கொட்டினால் நான் கத்துவது முதல் வரிசைக்கே கேட்காது. சிலேட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்கள். சித்திரை வந்தால் பதினோரு மணிக்கே புளியமரத்தடிக்குப் போய்விடுவோம். கழிப்பறை கிடையாது. பெரியவளான பெண், சீர் முடிந்த பிறகு பள்ளிப் பக்கமே வரமாட்டாள்.

அப்புறம் காரைக் கட்டடமும் தாழ்ப்பாள் போட்ட கழிப்பறையும் வந்தன. முந்தைய வருடம் எட்டாவது முடித்த பெண் ஒருத்திதான். அந்த வருடம் ஐந்து பேர். வாத்தியார்களும் பாடமும் பழையபடியேதான் இருந்தார்கள்.

மாசாய் ஊர்களில் கட்டப்படும் வகுப்பறைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் விரிவாக எழுதுங்கள். கூடவே எங்கள் மலைப் பள்ளிகளுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள், மழைக்காலத்தில்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காங்கேயம்