மலை ரயில் பயணம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மலை ரயிலில் குன்னூருக்கு அழைத்துப் போகிறோம். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் ஏறி, குன்னூரில் இறங்கி, மாலையில் பஸ்ஸில் திரும்புகிறோம். விடுமுறை நாள் என்பதால் பாடம் எதுவும் தவறாது.

அறிவிப்பு வந்ததுமே சிலர் கேட்டீர்கள்: "தினமும் கண்ணு முன்னாடி போற வண்டிதானே, அதுக்கு எதுக்குங்க டூர்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

நம் பிள்ளைகளுக்கு அந்த வண்டியின் கூவல் தெரியும், புகை தெரியும். ஆனால் வகுப்பில் கேட்டுப் பார்த்தபோது, அதில் ஏறியவர்கள் மிகச் சிலர்தான். எங்கிருந்தோ வருகிறவர்கள் ஏறிப் போகும் வண்டி என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது. 2005-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பாதை தொடங்கும் ஊரில் வளர்கிற பிள்ளைக்கு, வண்டி எப்படி மலை ஏறுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

வண்டி கிளம்பியதும் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே, மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு நிலையம் வரை சாதாரண ரயிலாகத்தான் போகும். அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. குன்னூர் ஆறு இறங்கி வரும் பள்ளத்தாக்கின் ஓரமாகப் பாதை ஏறத் தொடங்குகிறது. மற்ற ரயில் பாதைகளில் நூறு அடிக்கு ஓரடி உயர்ந்தாலே அது ஏற்றம். இங்கே பன்னிரண்டு அடிக்கு ஓரடி. வழவழப்பான இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம் இருக்கும். இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போதே அடுத்ததைப் பிடித்திருக்கும். பிடி இல்லாத நொடியே கிடையாது. ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த முறை இது. கல்லாறில் வண்டி மெதுவாக ஊர்ந்து அந்தப் பல்லில் ஏறும் இடத்தைப் பிள்ளைகள் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

நீராவியை வீணாக்காத விதமும் எனக்கு மிகப் பிடிக்கும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள், அதாவது நீராவி புகுந்து தள்ளும் உருளைகள். முதல் இரண்டில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுற்றிய நீராவி, ஏற்றத்தில் அப்படியே அடுத்த இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை. 2010களில் அதே வகை இன்ஜின்களை நம் திருச்சி பொன்மலை பணிமனைத் தொழிலாளர்கள் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். இதைப் பிள்ளைகள் பெருமையோடு தெரிந்துகொள்ளட்டும்.

மேலே போகும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். கையில் கொடி, பக்கத்தில் பிரேக். முன்னால் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவர்கள்தான்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். தண்டவாளத்தில் காசு வைத்து நசுக்குவது, கல் அடுக்கி வைப்பது போன்ற விளையாட்டுகள் நம் பிள்ளைகளிடமும் இருக்கின்றன. பல்லில் பிடித்து ஏறும் பாதையில் இது விளையாட்டே அல்ல. வண்டி நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் உட்கார வைத்துப் பேசுங்கள். தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லாறு பக்கம் யானைகள் கடக்கும் இடமும்கூட.

மழைக்காலத்தில் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு: 2009 நவம்பர் மழையில் பல இடங்களில் மண் சரிந்து பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். பிப்ரவரி என்றால் அந்தப் பயம் குறைவு. வண்டி ரத்தானால் கட்டிய பணம் திரும்ப வரும்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் போகும் குன்னூருக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் காலைச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புங்கள். தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் மட்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் வண்டி நிற்கும்போது குரங்குகள் வரும், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

கட்டணம் எவ்வளவு என்று வகுப்பாசிரியர் டைரியில் எழுதி அனுப்புவார். கட்டச் சிரமம் இருந்தால் என்னிடம் நேரிலோ போனிலோ சொல்லுங்கள், அது வெளியே போகாது. பணத்துக்காக ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு: ஆசிரியைகள் கூட வருகிறார்கள், உங்களில் இரண்டு அம்மாக்கள் வர முன்வந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. இந்தப் பாதையில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக, பிரேக்ஸ்மேனாக, இன்ஜினில் தீ மூட்டும் ஃபயர்மேனாக, ஃபிட்டராக வேலை பார்த்த தாத்தாக்கள் நம் பிள்ளைகளின் வீடுகளில் இருக்கிறார்கள். பயணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை அவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். மேடை, மைக் எதுவும் இல்லை, வகுப்பறையில் உட்கார்ந்து பேசினால் போதும். வர முடிகிறவர்களின் பெயரை ஒப்புதல் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, ஜனவரி கடைசிக்குள் கொடுத்தனுப்புங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் அதையும் குறிப்பிடுங்கள், வண்டி அனுப்பி அழைத்து வருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்