மாதத்தில் ஒரு ஞாயிறு, ஓர் அறை: கடலூர் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

கடலூரில் லினக்ஸும் மற்ற கட்டற்ற மென்பொருள்களும் பயன்படுத்துகிறவர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் இயங்குதளம். கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் பயன்படுத்தவும் நகலெடுக்கவும் மாற்றவும் உரிமை உள்ள மென்பொருள். கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், டிடிபி கடைக்காரர் ஒருவர் என்று எல்லாரும் உண்டு. ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பார். மற்றவர்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கூடவே செய்து பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது. எங்களிடம் இல்லாதது இடம்தான். மாவட்ட மைய நூலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்துக்கு ஓர் அறை கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கேட்டுப் பார்க்காத இடமில்லை. ஒரு கல்லூரியில் வெளியாட்களை விட மாட்டோம் என்றார்கள். மண்டப வாடகை எங்கள் கைக்கு எட்டாது. இப்போது நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் நடக்கிறது. அவர் மனசு பெரிசு. ஆனால் மாடிக்குப் பெண் பிள்ளைகள் வருவதில்லை. ஆர்வம் இல்லாமல் இல்லை, கேட்கிறார்கள், ஆனால் முன்பின் தெரியாதவர் வீட்டுக்கு எந்த அம்மா அனுப்புவார்? "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் மறுகேள்வி வராது. கடலூரில் அப்படி ஒரு நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருக்கும் கட்டடங்கள் மிகக் குறைவு. நூலகத்தைத்தான் கேட்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு முதல் காரணம் இதுதான்.

விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் இதுபோன்ற குழுக்கள் நன்றாக நடக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அங்கே போகிறார்கள். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி. என்ற லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்களுக்கு ஐ.ஐ.டி. வளாகத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. ஒரு பொது நிறுவனம் அறை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே நல்ல முன்னுதாரணம்.

உங்களுக்கு ஒரு தயக்கம் வரலாம். பென் டிரைவில் போட்டு ஆளுக்கு ஆள் கொடுக்கிறார்களே, இது திருட்டு மென்பொருளா? இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1991இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஜி.பி.எல். என்ற உரிமத்துக்குள் வந்துவிட்டது. யாரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்கலாம் என்று அந்த உரிமமே எழுத்தில் சொல்கிறது. உண்மையில் கள்ள நகல் விண்டோஸ் ஓடுவது நம் தெருக்களில் இருக்கும் எத்தனையோ கடைகளில்தான். அந்தப் பழக்கத்திலிருந்து பிள்ளைகளைச் சட்டப்படியான வழிக்குக் கொண்டுவரும் வேலை இது.

அப்புறம், காலமும் நெருக்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது, ஓரளவு புதிய பிராசஸர் கேட்கிறது. பழைய கணினிகளுக்கு அது ஒத்துவராது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடும், மற்றபடி கெட்டுப்போகவில்லை. லுபுண்டு போலவோ, எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற எளிய திரை அமைப்பு போட்ட டெபியன் போலவோ எடை குறைந்த லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யவும் லிப்ரே ஆஃபிஸில் விண்ணப்பம் எழுதவும் பைத்தான் என்ற நிரல் மொழி பழகவும் அந்த மெஷின் போதும். மாடிக் கூட்டத்தில் பாதி நேரம் இந்த வேலைக்கே போகிறது. பூட் ஆகாமல் கறுப்புத் திரையில் நின்றுபோன லேப்டாப்பை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து எழுப்புவது, அதன் சொந்தக்காரப் பையனே கடைசிக் கட்டளையை அடிப்பது, இதை எந்தப் பாடப்புத்தகமும் தராது. அதனால்தான் பிடிவாதமாகக் கேட்கிறேன்.

நூலகத்துக்கும் இதில் நேரடிப் பயன் உண்டு. கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் நியூசிலாந்தில் ஒரு சிறிய வட்டார நூலகத்துக்காக 1999இல் எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்தால் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்ற பயத்தில், புதிதாக ஒன்றை எழுதச் செய்து, அதை எல்லாருக்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். இன்று இந்தியாவிலும் பல பல்கலைக்கழக நூலகங்கள் அதில்தான் நூற்பட்டியலும் இரவலும் பார்க்கின்றன. கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பணிபுரிபவர்கள் பழக விரும்பினால், பயிற்சி தர எங்களில் ஆள் இருக்கிறது.

இன்னொரு வேலையும் மனதில் இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் தெருவைக் குறிக்கலாம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் போனில் பார்க்கலாம். 2015 மழையையும் 2024இல் ஃபெஞ்சல் புயலோடு வந்த தென்பெண்ணை வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. கெடிலக் கரையோரச் சந்துகள், உயரமான பள்ளிக் கட்டடங்கள், மருந்துக் கடைகள் எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகளே நடந்து போய்க் குறிக்க முடியும். உட்கார்ந்து திட்டமிட ஒரு மேசை வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்கு 10 காசு. அந்த உரிமையோடும் கேட்கிறேன், அன்போடும் கேட்கிறேன்.

எங்களுக்கு 30 பேர் உட்கார இடம், மின் இணைப்பு, ஒரு வெள்ளைச் சுவர் போதும். புரொஜெக்டரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் நாங்களே கொண்டுவருவோம். வருகைப் பதிவு உங்கள் ஊழியரிடமே இருக்கட்டும். எந்த நிறுவனத்தின் பேனரும் கட்ட மாட்டோம், எதையும் விற்க மாட்டோம், கட்சி அரசியல் பேச மாட்டோம். வாசகர்களுக்கு இடைஞ்சல் என்று நூலகர் நினைத்தால் அன்றைக்கே எழுந்து போகிறோம். ஞாயிறு சரிப்படாது என்றால் நீங்கள் சொல்லும் நாளில் வருகிறோம்.

சரி என்று உடனே சொல்ல முடியாவிட்டால், மூன்று மாதம் மட்டும் அனுமதித்துப் பாருங்கள். முதல் கூட்டத்துக்கு நீங்களோ உங்கள் அலுவலர் ஒருவரோ வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. நூலகத்தில் ஓடாமல் கிடக்கும் பழைய கணினி ஏதாவது இருந்தால் அன்றைக்கு அதையும் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூரில் கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துவோர் சார்பில்,
நூலக உறுப்பினர் ஒருவர்