பெட்ரோல் பங்க்கில் விற்கும் மைலேஜ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தனால் கலந்த பெட்ரோலால் கார்களின் மைலேஜ் குறைவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அந்தக் குறையை ஈடுகட்ட பெட்ரோலோடு கலக்கும் 'ஃப்யூயல் அடிட்டிவ்' என்ற திரவத்தை ஊற்றிப் பார்க்கலாம் என்ற யோசனையோடு முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இக்கடிதம்.

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 விழுக்காடு எத்தனால் கலந்ததுமே லிட்டருக்கு 6, 7 விழுக்காடு ஆற்றல் போய்விடுகிறது. டேங்க்கில் ஒரு சின்ன பாட்டிலைக் கவிழ்ப்பதால் அது திரும்பி வராது. எரியாமல் வீணாகும் பெட்ரோலை எரிய வைப்பதாக பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து பெட்ரோலின் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சார் வைத்த இன்றைய எஞ்சின்களில் பெட்ரோல் அநேகமாக முழுவதுமே எரிந்துவிடுகிறது. வீணாவது பெரும்பாலும் வெப்பம்தான். அது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியேறுவதை இந்தத் திரவங்கள் தடுப்பதில்லை.

எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. பாலிஈதர் அமீன் என்ற வேதிப்பொருள் சேர்ந்த கிளீனர்கள், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் படிந்த கசடை உண்மையிலேயே கரைப்பவை. நெடுங்காலம் ஓடிய வண்டி, ஐடிலிங்கில் (நிற்கும்போது எஞ்சின் ஓடுகையில்) நடுங்கிக்கொண்டிருந்தது கிளீனர் ஊற்றியபின் சீரானால், மைலேஜும் ஓரளவு ஏறியிருக்கலாம். அதுவும் இழந்தது திரும்பியதே தவிர, புதிதாகக் கிடைத்ததன்று; கசடு இல்லாத வண்டிக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின்களிலோ காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை என்பதால், டேங்க்கில் எதை ஊற்றினாலும் அங்குள்ள கரி அப்படியேதான் இருக்கும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மைலேஜைக் கூட்டும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் மதிப்பிட்டும், குறிப்பிடத்தக்க பலன் தரும் ஒன்றைக்கூடக் காணவில்லை. (1996-இல், மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாக ராமர் பிள்ளை சொன்னதை நம்பிய நாம் அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாதுதான்.)

அப்படியிருந்தும் பலன் கண்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பாட்டில் ஊற்றிய வாரத்தில் ஆக்சிலரேட்டர் மேலுள்ள கால் தானாகவே மென்மையாகிவிடும். கத்திப்பாரா நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்த வாரத்தையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே சீராக ஓட்டிய ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிட்டால், எதையுமே ஊற்றாமல் இதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும். அதே பங்க்கில் டேங்க்கை நிரப்பி, அன்றாடம் போகும் பாதையிலேயே ஓட்டி, டயர் காற்றையும் மாற்றாமல், மறுபடி நிரப்பிப் பல முறை கணக்கிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

ஓஎம்ஆரில் ஒரு பங்க்கில், 'ஜீரோ பாத்துக்கோங்க சார்' என்று சொல்வதற்கு முன்பே ஊழியர் பாட்டிலை எடுத்துவிட்டார். வேண்டாம் என்பதற்குள் மூடியும் திறந்தாகிவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாதத்துக்கு இத்தனை விற்றாக வேண்டும் என்று அவருக்கு இலக்கு இருக்கும். பாட்டில் 300 ரூபாய், 40 லிட்டர் பெட்ரோல் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுக்கவே மைலேஜ் 7.5 விழுக்காடு கூட வேண்டும். அவ்வளவு கூடினால், கார் கம்பெனிகளே அதைச் சேர்த்து விற்கச் சொல்லியிருக்கும்.

மைலேஜ் கூடும் என்று அச்சிட்டு விற்கும் எதையும், புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற ஒரு சோதனைக்கூடத்தின் அறிக்கை இல்லாமல் பங்க்குகளில் விற்கக் கூடாது என்று எண்ணெய் நிறுவனங்கள் தடை விதிக்க வேண்டும். தங்கள் இதழும் இனி இத்தகைய யோசனையையோ விளம்பரத்தையோ வெளியிடும் முன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை