ஏ.சி. கேஸ் தீர்ந்துபோவதில்லை, கசிந்துபோகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கினாலே வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: "கூலிங் குறைஞ்சுபோச்சு, கேஸ் டாப்-அப் பண்ணணும்." வருடாந்தர சர்வீஸோடு கேஸும் போட்டாக வேண்டும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அப்படி நம்பவைத்ததில் எங்கள் மெக்கானிக் தொழிலுக்கும் பங்கு இருப்பதால், இதை நாங்களே எழுதுவதுதான் முறை.

ஏ.சி.யில் இருக்கும் கேஸ் செலவாகிற பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருப்பது. அளவு குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் போடுகிற புது கேஸும் அதே வழியாகத்தான் வெளியேறும்.

கூலிங் குறைந்த உடனேயே கேஸ் மீது பழி போடுவதும் சரியல்ல. ஃபில்டரில் தூசி, புளோயர் இறக்கைகளில் அழுக்கு, அவுட்டோர் காயிலில் படிந்த மண், வலுவிழந்த கபாசிட்டர் என்று காரணங்கள் பல. இண்டோர் காயிலில் ஐஸ் கட்டுவதைக் காட்டி "கேஸ் இல்லை" என்பார்கள். காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். அதனால் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்ட வேண்டும். அதற்கும் முன்னால், உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைச் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரால் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி இருந்தால் பெரும்பாலும் கேஸில் குறை இல்லை. ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இது கீழ் எல்லையை ஒட்டியே இருக்கும்.

கேஜ் மாட்டினாலும் அது காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. மெஷின் நின்றிருக்கும்போது, உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 35 டிகிரியில் ஆர்-32 என்ற வகை கேஸ் ஏறத்தாழ 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். முழு கேஸ் இருந்தாலும் 300, பாதி போயிருந்தாலும் அதே 300. ஓடும்போது பார்க்கலாமே என்றால், இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸர் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். முழு வேகத்தில், கம்ப்ரஸர் கேஸை உள்ளிழுக்கும் பக்கத்தின் சக்‌ஷன் அழுத்தம் இறங்கும். அதைக் குறைவு என்று நினைத்து இன்னும் கேஸ் ஏற்றுவார்கள். அறை குளிர்ந்து வேகம் குறையும்போது அழுத்தம் ஏறும்; அப்போது ஓவர்சார்ஜ் ஆனது யாருக்கும் தெரியாது. மிகுதியான கேஸ் திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பினால் ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். பழைய ஆர்-22 மெஷினில் 65, 70 பிஎஸ்ஐ வைத்துப் பழகிய கை, இன்வெர்ட்டரில் ஏமாறுவது இங்கேதான்.

எனவே ஒழுங்கான வேலை என்பது ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. மிச்சமுள்ள கேஸை ரெக்கவரி சிலிண்டரில் எடுத்துவிட்டு, ரெகுலேட்டர் பொருத்திய நைட்ரஜன் சிலிண்டரால் 300 முதல் 400 பிஎஸ்ஐ வரை ஏற்ற வேண்டும். அவுட்டோர் ஸ்டிக்கரில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சோப்பு நுரை வைத்து முதலில் பார்க்க வேண்டியவை விரித்த குழாய் முனைகளைப் பிடிக்கும் ஃபிளேர் நட்டுகள், கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வின் பின், காயிலின் வளைவுகளான யு-பெண்டுகள். நுரையில் சிக்காத நுண்கசிவு என்றால் அழுத்தத்தை ஓர் இரவு அப்படியே வைத்துப் பார்க்கலாம். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் 400 வைத்தது 40 டிகிரியில் தானாகவே சுமார் 14 பிஎஸ்ஐ ஏறும். குளிர்ந்தால் அதேபோல் இறங்கும். அந்த இறக்கத்தைக் கசிவு என்று எண்ணிக் காயிலையே மாற்றச் சொல்லிவிடக் கூடாது.

நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். உள்ளே உள்ள ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

உப்புக் காற்று அடிக்கும் எங்கள் ஊரில் அவுட்டோர் காயில் அரித்துப்போவது கண்ணுக்கே தெரியும். இண்டோர் காயிலின் அரிப்பு அப்படித் தெரியாது. காற்றில் கலந்திருக்கும் கரிம அமிலங்கள் செம்பைக் கிளை கிளையாகக் குடைந்து ஊசிமுனை ஓட்டை போடும். ஆசிட் கலந்த கிளீனர் ஊற்றிக் கழுவினால் செம்பும் அலுமினியமும் இன்னும் சீக்கிரம் போகும். நல்ல அழுத்தத்தில் தண்ணீரே போதும், அதுவும் காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்காதபடி நேராக அடிக்க வேண்டும்.

புதிதாக மாட்டிய ஏ.சி.யில் கேஸ் குறைந்தால் முதலில் ஃபிளேர் நட்டைச் சந்தேகியுங்கள். கால் இஞ்ச் குழாய்க்கு 14 முதல் 18, அரை இஞ்ச்சுக்கு 49 முதல் 61 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஸ்பேனரில் தொங்கி இறுக்கினால் ஃபிளேர் விளிம்பு மெலிந்து, சில மாத அதிர்வில் விரிசல் விடும்.

அடுத்தது வேக்குவம்: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்தெடுப்பது. பலர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து, கேஸாலேயே காற்றை வெளியே தள்ளிவிட்டு "ஏர் எடுத்தாச்சு" என்பார்கள். காற்றில் ஒரு பகுதி போகும். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் போகாது. பல ஆர்-32, ஆர்-410ஏ கேஸ் மெஷின்களில் உள்ள எஸ்டர் வகை ஆயில் ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறும், அமிலம் கம்ப்ரஸர் வைண்டிங்கைத் தின்னும். இரண்டு வருடம் கழித்துக் கம்ப்ரஸர் போகும்போது பழி வோல்டேஜ் மேல் விழும்.

வேக்குவம் பம்ப் போட்டாலும் வழக்கமான மேனிஃபோல்ட் கேஜின் முள் -30 இஞ்ச் பாதரசத்தைத் தொட்டுவிட்டது என்று நிறுத்துவது அரைகுறை வேலை. அந்த முள் ஓர் இஞ்ச் பாதரச அளவில் நகர்ந்தாலே அது 25,400 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நமக்கு வேண்டியது 500 மைக்ரானுக்குக் கீழே. முள்ளைப் பார்த்து அதைச் சொல்ல எவராலும் முடியாது. தனி மைக்ரான் கேஜ் வேண்டும். 500 தொட்டதும் பம்ப்பை மூடிப் பத்து நிமிடம் கவனியுங்கள். கொஞ்சம் ஏறி 1,500, 2,000 அளவில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் மிச்சம்; பம்ப்பை மேலும் ஓட்டுங்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

கடைசியாக எடை. ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சடித்தே இருக்கிறது. மானுவலில் சொன்ன நீளத்துக்கு மேல் குழாய் ஓடியிருந்தால் மீட்டருக்கு இத்தனை கிராம் கூடுதல் என்பதும் மானுவலிலேயே இருக்கும். பல ஆர்-32 மாடல்களில் அது 15 முதல் 20 கிராம். சிலிண்டரை எலெக்ட்ரானிக் தராசில் வைத்து அந்த அளவை ஏற்றினால் யூகத்துக்கு வேலையே இல்லை. ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை என்பதால் அதைத் திரவமாகவே எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் விகிதம் மாறும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. கேஸை முழுதும் எடுத்து நைட்ரஜன் ஓட்டாமல் பற்றவைப்பு டார்ச்சை அருகே கொண்டுபோகக் கூடாது. கழற்றும் முன் கேஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைக்கும் பம்ப் டவுனில், கசிவுள்ள மெஷின் வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் கம்ப்ரஸரே வெடிக்கலாம். பழைய ஆர்-22 மெஷினில் ஆர்-32 ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதன் அழுத்தம் ஆர்-22ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல், அந்தக் காயில் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. காற்றில் திறந்துவிடும் கேஸும் சும்மா போவதில்லை: ஒரு கிலோ ஆர்-32 புவி வெப்பமாதலில் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கும், ஆர்-410ஏ 2,088 கிலோவுக்கும் சமம்.

இதையெல்லாம் செய்ய அரை நாள் ஆகும். டாப்-அப்புக்கு இருபது நிமிடம் போதும். டாப்-அப் கூலிக்கே முழு வேலையும் வேண்டும் என்று பேரம் பேசினால் எந்த மெக்கானிக்கும் நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற மாட்டார். நியாயமான கூலி கொடுங்கள், பதிலுக்குப் பில்லில் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஓட்டை எந்த இடத்தில் இருந்தது, எட்டிய வேக்குவம் எத்தனை மைக்ரான், எந்த கேஸ், எத்தனை கிராம். சர்வீஸ் நிறுவனங்கள் தங்கள் ஜாப் கார்டிலேயே இந்த நான்கு கட்டங்களையும் அச்சடித்துவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் சிலர்,
தூத்துக்குடி.